நட்டும் நூலும் போதும்: புதுசா வந்த சயின்ஸ் டீச்சர் கைடட் என்கொயரிய எங்கிருந்து ஆரம்பிக்கிறது

வருஷா வருஷம் ஜூன் மாசம் பள்ளிக்கூடம் தொறந்ததும் எங்க ஒன்றியத்துக்கு நாலஞ்சு பேரு புதுசா சயின்ஸ் டீச்சரா வருவாங்க, முதல் சி.ஆர்.சி. (பக்கத்துப் பள்ளி டீச்சருங்க எல்லாரும் கூடுற குறுவள மையம்) மீட்டிங்ல டீ குடிக்கிற நேரத்துல எல்லாரும் கேக்குறது ஒரே கேள்விதான், "பி.எட்.ல என்கொயரி மெத்தட்னு பக்கம் பக்கமா எழுதி பாஸ் ஆகிட்டோம்க்கா, ஆனா நாப்பது புள்ளைங்கள வச்சுக்கிட்டு நாப்பது நிமிஷத்துல அத எப்படிப் பண்றது?" நியாயமான கேள்வி. என்கொயரின்னா புள்ளைங்களே பண்ணிப் பாத்துத் தேடிக் கத்துக்குற முறை. நான் நடுநிலைப் பள்ளியில 6, 7, 8 மூணு வகுப்புக்கும் பதினோரு வருஷமா சயின்ஸ் எடுக்குறேன், அதுல முதல் நாலு வருஷம் இத தப்பாத்தான் பண்ணிட்டு இருந்தேன், வாயால சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு, அதான் எழுதியே வச்சிடலாம்னு உக்காந்துட்டேன்.

முதல்லயே சொல்லிடுறேன், இதுல கஷ்டம் சாமான் வாங்குறதுலயோ குரூப் பிரிக்கிறதுலயோ இல்ல. விடை நமக்குத் தெரிஞ்சும் சொல்லாம நிக்கணும் பாருங்க, அதுதான் கஷ்டம். அது யாரு வந்து பிபிடி போட்டு லெக்சர் குடுத்தாலும் வராது, நாமளே ஒரு தடவ புள்ளைங்க மாதிரி தரையில உக்காந்து விடை தெரியாம முழிச்சாதான் வரும். அதனால இந்த வழிகாட்டில பாதி உங்க கிளாஸப் பத்தி இருக்காது, உங்களப் பத்திதான் இருக்கும்.

பேருல இருக்குற குழப்பம்

என்கொயரின்னா புள்ளைங்க கையில சாமானக் குடுத்துட்டு நாம ஓரமா நிக்கிறதுன்னு நிறைய பேரு நினைச்சுக்குறாங்க, அது இல்ல. தனி ஊசல் பாடத்தையே எடுத்துக்குவோம், நூல்ல ஒரு எடையக் கட்டி ஆட விடுறதுதான் ஊசல், அது ஒரு தடவ போயிட்டு வர்ற நேரம்தான் அலைவு நேரம். "நீளம் கூடினா அலைவு நேரம் கூடும், வாங்க பண்ணிப் பாக்கலாம்"னு விடைய முதல்லயே சொல்லிட்டு பண்ண வைக்கிறது ஒரு படி, நம்ம புக்குல வர்ற செயல்பாட்ட நாம நடத்துற விதம் பெரும்பாலும் இதுதான். விடைய சொல்லாம கேள்வியும் செய்முறையும் மட்டும் குடுக்குறது அடுத்த படி. கேள்வி மட்டும் நம்மது, எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு புள்ளைங்களே யோசிக்கணும்னா அது மூணாவது படி, அதத்தான் கைடட் என்கொயரின்னு சொல்றோம். கேள்வியும் அவங்களோடதேன்னா அது நாலாவது, ஓபன் என்கொயரி. 2008ல ஹெதர் பான்சி, ராண்டி பெல்னு ரெண்டு பேரு இந்த நாலு படிய ஆரம்பப் பள்ளி டீச்சருங்களுக்குப் புரியுற மாதிரி பிரிச்சு எழுதினாங்க, அதுக்கு முன்னாடியே 1960கள்லயும் 70கள்லயும் ஷ்வாப், ஹெரான்னு அமெரிக்காவுல இதப் பத்திப் பேசியிருக்காங்க. பேரெல்லாம் ஞாபகம் வச்சுக்க வேண்டாம். கேள்வி யாரோடது, வழி யாரோடது, விடை யாரோடதுன்னு மூணு கேள்வி கேட்டா நீங்க எந்தப் படியில நிக்கிறீங்கன்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

முதல் வருஷமே நாலாவது படிக்குத் தாவாதீங்க. 2006ல கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க்னு மூணு ஆராய்ச்சியாளருங்க, ஒண்ணுமே தெரியாத புள்ளைய வழிகாட்டாம விட்டா அது கத்துக்காது, மண்டைதான் குழம்பும்னு கடுமையா ஒரு கட்டுரை எழுதினாங்க, அதுக்குப் பதில் சொன்னவங்களும் கைவிட்டு விடுறது என்கொயரியே இல்ல, நல்ல என்கொயரில வழிகாட்டுதல் நிறையவே இருக்குன்னுதான் சொன்னாங்க. ஆக சண்டை போட்ட ரெண்டு தரப்புமே வழிகாட்டணும்ங்கறதுல ஒண்ணுதான். பேருல இருக்குற அந்த "கைடட்" சும்மா ஒட்ட வச்ச வார்த்தை இல்ல.

முதல் வேலை: நீங்க ஏமாறணும்

கிளாஸுக்குப் போறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ பண்ணுங்க, தனியா வேண்டாம், பக்கத்துப் பள்ளிக்கூட சயின்ஸ் டீச்சர் ஒருத்தரையாவது கூட வச்சுக்குங்க. ஒரு தட்டுல தண்ணி, நடுவுல மெழுகுவத்தி, ஏத்தி வச்சு மேல ஒரு கண்ணாடி டம்ளரக் கவுத்துங்க. அணைஞ்சிடும், தண்ணி மேல ஏறும். ஏன்னு கேட்டா நம்ம எல்லாருக்கும் வாயில ரெடியா ஒரு பதில் இருக்கு, ஆக்சிஜன் தீர்ந்துபோச்சு, காத்துல அது அஞ்சுல ஒரு பங்கு, அந்த இடத்துக்குத் தண்ணி வந்துச்சு. எங்க சி.ஆர்.சி.ல பன்னெண்டு பேரு இருந்தோம், பன்னெண்டு பேரும் இதேதான் சொன்னோம், நான் கொஞ்சம் சத்தமாவே சொன்னேன்.

அன்னைக்கு டிரெயினிங் குடுக்க வந்த வட்டார வளமைய ஆசிரியர் பயிற்றுநர் ஒண்ணும் சொல்லல. அதே டம்ளர், அதே தண்ணி, ஒரு மெழுகுவத்திக்குப் பதிலா மூணு வச்சு திருப்பிப் பண்ணச் சொன்னார். தண்ணி முன்ன விட அதிகமா ஏறுச்சு. டம்ளர் அதேதானே, அதுக்குள்ள இருக்குற ஆக்சிஜனும் அதேதானே, அப்புறம் எப்படி அதிகமா ஏறும்? யாருக்கும் பேச்சே வரல. அடுத்து "தண்ணி எப்ப ஏறுதுன்னு மட்டும் பாருங்க"ன்னார். சுடர் எரியறப்போ பெருசா ஏறவே இல்ல, அணையப் போறப்பவும் அணைஞ்சதுக்கு அப்புறமும்தான் சரசரன்னு ஏறுது. டம்ளரக் கவுத்துறப்போ விளிம்புல நாலஞ்சு குமிழி வெளிய போறத ஒரு டீச்சர் அப்பதான் கவனிச்சாங்க. அங்கிருந்து நாங்களே பேசிப் பேசி வந்து சேந்தோம், சூட்டுல காத்து விரிஞ்சு கொஞ்சம் வெளிய போயிடுது, அணைஞ்சதும் உள்ள மிச்சம் இருக்குற காத்து ஆறிச் சுருங்குது, தண்ணி ஏறுறதுக்கு முக்கியமான காரணம் அதுதான், ஆக்சிஜன் முழுசாத் தீர்றதுக்கு முன்னாடியே சுடர் அணைஞ்சிடுது, எரியறப்போ கார்பன் டை ஆக்சைடு வேற உருவாகுது. முப்பது நாப்பது நிமிஷம் ஆச்சு. அவர் நடுவுல கேட்டது மொத்தமே அஞ்சாறு கேள்விதான் இருக்கும்.

அந்த நாப்பது நிமிஷத்துல ஒரு எரிச்சல் வரும், "சொல்லித் தொலையேன்யா"ன்னு தோணும், அது நல்லது, நம்ம புள்ளைங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்னு அப்பதான் உறைக்கும். அந்த எரிச்சலுக்கு நடுவுல எந்தக் கேள்வி உங்கள நகர்த்துச்சு, எந்தக் கேள்வி சும்மா இருந்துச்சுன்னு அன்னைக்கே ஒரு நோட்டுல எழுதி வச்சுக்குங்க. என் நோட்டுல முதல் பக்கத்துல "எப்ப ஏறுதுன்னு பாருங்க"ன்னு மட்டும்தான் இருக்கு. அவர் ஏன்னு கேக்கல, எப்பன்னு கேட்டார். ஏன்னு கேட்டிருந்தா நாங்க இன்னும் ஆக்சிஜனையே பிடிச்சுத் தொங்கிட்டு இருந்திருப்போம்.

ரெண்டாவது வேலை: ஒரே ஒரு பாடத்த எடுத்து பிரிச்சு மேயுங்க

எல்லாப் பாடத்துக்கும் இத இழுக்காதீங்க. செல்லுக்குள்ள இருக்குற நுண்ணுறுப்போட பேரு, அணு அமைப்பு, அலகோட பேரு இதெல்லாம் புள்ளைங்க தேடிக் கண்டுபிடிக்கிற விஷயம் இல்ல, சொல்லிக் குடுத்துட்டுப் போங்க. கையில தொட்டு, மாத்தி, அளந்து பாக்குற மாதிரி இருக்குற பாடம்தான் இதுக்குத் தோதா இருக்கும், மிதத்தல் மூழ்கல், கரைதல், நிழல், காந்தம், மின்சுற்று, ஊசல், விதை முளைக்கிறது, இந்த மாதிரி. ஒரு பருவத்துக்கு ரெண்டு பாடம் இப்படி எடுத்தாலே முதல் வருஷத்துக்கு அது ஜாஸ்தி.

பாடத்த எடுத்தீங்கன்னா புக்குல இருக்குற செயல்பாட்ட அப்படியே வச்சுக்கிட்டு மூணு இடத்துல கத்தரிக்கோல் போடுங்க. கடைசியில "இதிலிருந்து நாம் அறிவது"ன்னு வர்ற வரிய முதல்ல தூக்குங்க. ரெடியாப் போட்டுக் குடுத்திருக்குற அட்டவணைய எடுத்துட்டு அவங்களையே கோடு போடச் சொல்லுங்க. செய்முறைய மட்டும் முதல் ரெண்டு தடவ விட்டு வைங்க, புள்ளைங்களுக்குப் பழகினதும் அதையும் தூக்கிடுங்க. பாடத் தலைப்புலயே விடை இருந்தா அன்னைக்கு புக்க மூடி பையில வைக்கச் சொல்லிடுங்க, இல்லன்னா முதல் பெஞ்சுல இருக்குற கெட்டிக்காரப் புள்ள ஒண்ணு படிச்சே விடைய சொல்லி உங்க பீரியட முடிச்சு விட்டுரும்.

அடுத்து கேள்விங்க. இதுக்கு நான் நம்பறது போகில்னு சொல்ற, குரூப்பா உக்காந்து கேள்வி வழியாவே கத்துக்குற முறையோட வரிசையத்தான், 1990கள்ல அமெரிக்காவுல காலேஜ் கெமிஸ்ட்ரி வாத்தியாருங்க ஆரம்பிச்சது, அது இன்னும் பழைய ஒரு யோசனை மேல நிக்குது, ராபர்ட் கார்ப்ளஸ்னு ஒரு இயற்பியல்காரர் 1960கள்ல சின்னப் புள்ளைங்களுக்காகப் போட்ட கற்றல் சுழற்சி. முதல்ல தொட்டுப் பாக்குறது, அதுக்கப்புறம் அதுல இருந்து கருத்த உருவாக்கிப் பேரு வைக்கிறது, அதுக்கப்புறம் அதப் புது இடத்துல போட்டுப் பாக்குறது. நம்ம பழக்கம் பேருல ஆரம்பிக்கிறது, "அலைவு நேரம் என்றால்"னு போர்டுல எழுதிட்டுதான் சாக்பீஸக் கீழ வைப்போம். இங்க பேரு நடுவுலதான் வரும். ஊசலுக்கு நான் கேக்குற கேள்விங்க இவ்வளவுதான்: என்னத்த மாத்தப் போறீங்க? எதெல்லாம் மாத்தாம வச்சுக்கணும்? வேகமா ஆடுதா மெதுவா ஆடுதான்னு எப்படி அளப்பீங்க? பண்றதுக்கு முன்னாடி, என்ன ஆகும்னு நினைக்கிறீங்க, எழுதுங்க. பண்ணி முடிச்சதும், நீங்க எழுதினதும் இதுவும் ஒத்துப்போகுதா? கடைசியில ஒண்ணு, ஊஞ்சல்ல நீ தனியா ஆடினாலும் உன் தங்கச்சிய மடியில வச்சு ஆடினாலும் என்ன வித்தியாசம் இருக்கும்?

சாமானும் கடிகாரமும்

செலவுன்னு பெருசா ஒண்ணும் கிடையாது. ஒரு நூல்கண்டு, ஹார்டுவேர் கடையில முப்பது நாப்பது போல்ட் நட்டு, பத்து ஸ்கேல், ஒட்டுற டேப்பு. நட்டு ஒரே சைஸா இருக்கட்டும், எண்ணிக் குடுத்து எண்ணி வாங்கிக்குங்க, எனக்கு முதல் வருஷம் பாதி நட்டு வீட்டுக்குப் போயிடுச்சு.

எல்லாரும் மாட்டிக்கிற இடம் ஸ்டாப்வாட்ச். புள்ளைங்ககிட்ட போன் கிடையாது, நம்மகிட்ட இருக்குறது ஒண்ணு, குரூப்போ பத்து. அதுக்கு ஒரு வழி இருக்கு, ஒரு அலைவுக்கு எத்தன செகண்டுன்னு கேக்காம முப்பது செகண்டுக்கு எத்தன அலைவுன்னு கேளுங்க. நீங்க நடுவுல நின்னு "ஸ்டார்ட்" சொல்லி முப்பதாவது செகண்டுல "ஸ்டாப்" சொன்னா பத்து குரூப்பும் ஒரே நேரத்துல எண்ணி முடிச்சிடும். 25 சென்டிமீட்டர் நூலுக்கு கிட்டத்தட்ட 30 வரும், 50க்கு 21, ஒரு மீட்டருக்கு 15. நீளம் நாலு மடங்கானா எண்ணிக்கை பாதியாகுதுங்கறது போர்டுல அப்படியே கண்ணுக்குத் தெரியும், ஏழாங்கிளாஸ் புள்ளைக்கு ஸ்கொயர் ரூட் சொல்லாமலே. நீளத்த முடிச்சுல இருந்து நட்டோட நடு வரைக்கும் அளக்கணும், நட்டோட மேல் விளிம்பு வரைக்கும் அளக்குற குரூப் கண்டிப்பா ரெண்டு இருக்கும், அத உடனே திருத்தாதீங்க, பக்கத்து குரூப்போட நம்பரோட ஒத்துப்போகலன்னு அவங்களே எந்திரிச்சு வருவாங்க.

நட்டு கோத்த கதை

நான் மாட்டினது இப்படித்தான். எடை மாறினா என்ன ஆகும்னு கேள்வி. 20 சென்டிமீட்டர் நூல், ஒரு நட்டுக்கு 33 அலைவு வந்துச்சு. மூணு நட்டு கட்டிப் பாருங்கன்னேன். நாலு குரூப்புல 33, 33, 34, 33ன்னு வருது, மத்த குரூப்புல 31, 31, 30, 31. புள்ளைங்க சந்தோஷமா "எடை கூடினா மெதுவா ஆடுது டீச்சர்"னு கத்துறாங்க, புக்குல எடைக்கும் நேரத்துக்கும் சம்பந்தமே இல்லன்னு இருக்கு, எனக்கு வேர்த்துக் கொட்டுது. பழைய நானா இருந்தா "சரியா எண்ணல, புக்குல இருக்குறத எழுதிக்குங்க"ன்னு சொல்லிட்டு மணி அடிக்கிறதுக்காக வேண்டிட்டு இருந்திருப்பேன், உண்மையச் சொன்னா முதல் ரெண்டு வருஷம் அதத்தான் பண்ணேன்.

அன்னைக்கு மட்டும் ஏதோ புத்தி வந்து, 33 வந்த ஒரு குரூப்பையும் 31 வந்த ஒரு குரூப்பையும் எழுப்பி ஊசல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல தொங்க விடச் சொன்னேன், "என்ன வித்தியாசம் தெரியுது, பாத்து சொல்லுங்க"ன்னு மட்டும் கேட்டேன். அரை நிமிஷம் யாரும் பேசல. அப்புறம் கடைசி பெஞ்சுல இருந்து ஒரு பொண்ணு, வாயே தொறக்காத பொண்ணு, சொல்லுச்சு, "அவங்க மூணையும் ஒரே முடிச்சுல கோத்திருக்காங்க, நாங்க ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா கட்டியிருக்கோம், எங்களோடது நீட்டமா இருக்கு டீச்சர்." அவ்வளவுதான். கீழ கீழ கட்டினதால எடையோட சேந்து நீளமும் கூடிப்போச்சு, 20ன்னு நினைச்சுக்கிட்டு உண்மையில 23 சென்டிமீட்டர் ஊசல ஆட்டிட்டு இருந்திருக்காங்க. திருப்பிக் கட்டினாங்க, 33 வந்துச்சு.

"ஒரு நேரத்துல ஒண்ணத்தான் மாத்தணும்"னு நான் வருஷக் கணக்கா போர்டுல எழுதிப் போட்டிருக்கேன், ஒருத்தர் மண்டையிலயும் நின்னதில்ல. இப்ப ஒவ்வொரு வருஷமும் வேணும்னே எப்படிக் கட்டணும்னு சொல்றதில்ல, நட்ட மட்டும் குடுத்துட்டு விட்டுடுறேன். நீங்களும் எந்தப் பரிசோதனைய எடுத்தாலும் முந்தின நாள் வீட்டுல நீங்களே பண்ணிப் பாக்குறப்போ சரியா பண்றது மட்டும் இல்லாம, எங்கெங்க தப்பா பண்ண முடியும்னு நாலு விதமா தப்பாவும் பண்ணிப் பாருங்க, அதுதான் உண்மையான லெசன் பிளான். ஊசல்லயே இன்னொரு குழி இருக்கு, சின்னதா இழுத்து விட்டாலும் பெருசா இழுத்து விட்டாலும் நேரம் ஒண்ணேன்னு கலிலியோ காலத்துல இருந்து சொல்லிட்டு வர்றோம், ஆனா ரொம்ப அகலமா இழுத்து விட்டா நேரம் உண்மையிலயே கொஞ்சம் கூடும், எண்ணிக்கையில ஒண்ணு ரெண்டு குறையும். புள்ளைங்க சொன்னா அவங்க தப்பா எண்ணிட்டாங்கன்னு நினைச்சிடாதீங்க.

மூணாவது வேலை: வாய்க்குப் பூட்டு

குரூப்புக்கு நாலு பேரு, ஒருத்தர் தலைவர், ஒருத்தர் எழுதுறவர், ஒருத்தர் கிளாஸுக்குச் சொல்றவர், ஒருத்தர் எல்லாரும் பேசுறாங்களான்னு கவனிக்கிறவர். ஒவ்வொரு தடவையும் மாத்தி விடுங்க, இல்லன்னா எழுதுற வேலை எப்பவும் கையெழுத்து அழகா இருக்குற பொண்ணு தலையிலதான் விழும், பசங்க ஊசல ஆட்டிட்டே இருப்பாங்க. இதுல ரொம்ப யோசிக்க ஒண்ணும் இல்ல.

யோசிக்க வேண்டியது நாம கேள்வி கேட்டுட்டு எவ்வளவு நேரம் சும்மா இருக்கோம்ங்கறதுதான். மேரி பட் ரோன்னு அமெரிக்காவுல ஒரு அம்மா 1970கள்ல கிளாஸ்ரூம்ல டேப் போட்டுப் பதிவு பண்ணி அளந்து பாத்தாங்க, டீச்சருங்க கேள்வி கேட்டுட்டு சராசரியா ஒரு செகண்டுதான் காத்திருக்காங்க, அதுக்குள்ள பதில் வரலன்னா வேற ஆளக் கேக்குறது, இல்லன்னா தானே சொல்லிடுறது. அத மூணு செகண்டுக்கு மேல நீட்டினா புள்ளைங்களோட பதில் நீளமாகுது, சும்மா இருந்த புள்ளைங்களும் பேச ஆரம்பிக்குது, "தெரியாது"ங்கறது குறையுதுன்னு கண்டுபிடிச்சாங்க. மூணே மூணு செகண்டு. கேக்க சாதாரணமா இருக்கும், நின்னு பாருங்க, ஒரு யுகமா இருக்கும்.

இதுக்கு டிரெயினிங் நீங்களே எடுத்துக்கலாம். உங்க போன்ல ரெக்கார்டர ஆன் பண்ணி மேஜை மேல வச்சிட்டு ஒரு பீரியட் எடுங்க, ராத்திரி சமையல் வேலையெல்லாம் முடிஞ்சதும் தனியா உக்காந்து கேளுங்க. யாருக்கும் போட்டுக் காமிக்க வேண்டாம், கேட்டுட்டு அழிச்சிடலாம். நான் முதல் தடவ கேட்டப்போ அந்த பீரியட்ல 27 கேள்வி கேட்டிருந்தேன், அதுல 19க்கு நானே பதில் சொல்லியிருந்தேன், என் குரல் எனக்கே சகிக்கல. அதுக்கப்புறம் ஒரு பழக்கம் வச்சுக்கிட்டேன், கேள்விய கேட்டதும் கடைசி பெஞ்சு வரைக்கும் மெதுவா நடந்து போயிடுவேன், போய்ச் சேர்றதுக்கு நாலஞ்சு செகண்டு ஆகிடும், போற வழியில பேச மாட்டேன்.

இன்னொண்ணு, "வெரி குட், கரெக்ட்" சொல்ற பழக்கம். சொன்ன நிமிஷமே மத்த குரூப் எல்லாம் யோசிக்கிறத நிறுத்திட்டு அந்தப் பதிலக் காப்பி அடிக்கும். அதுக்குப் பதிலா, "எதப் பாத்து அப்படிச் சொல்ற?", "இன்னொரு தடவ பண்ணா அதே நம்பர் வருமா?", "அந்த குரூப்புக்கு வேற வந்திருக்கே, போய்ப் பேசிட்டு வாங்க", இந்த மூணே போதும், சரியான பதிலுக்கும் இதேதான், தப்பான பதிலுக்கும் இதேதான். தப்புக்கு மட்டும் கேட்டீங்கன்னா ரெண்டே நாள்ல கண்டுபிடிச்சிடுவாங்க, டீச்சர் கேள்வி கேட்டாலே நாம தப்புன்னு.

ஆனா கடைசி பத்து நிமிஷம் உங்களோடது, அத விட்டுடாதீங்க. புதுசா பண்றவங்க செய்யுற பெரிய தப்பு இதுதான், புள்ளைங்க ஆட்டி எண்ணி சிரிச்சுட்டு மணி அடிச்சதும் ஓடிடுவாங்க, ஒருத்தர் மனசுலயும் ஒண்ணும் ஒட்டியிருக்காது. எல்லா குரூப்போட நம்பரையும் போர்டுல ஒரே அட்டவணையாப் போட்டு, என்ன தெரியுதுன்னு அவங்க வாயால வரவச்சு, அதுக்கப்புறம் "இதுக்குப் பேரு அலைவு நேரம், இது வீச்சு"ன்னு பேர நீங்க சொல்லணும். பேரையும் அவங்களே கண்டுபிடிக்கட்டும்னு காத்திருக்காதீங்க, அது யாராலயும் முடியாது. அதே மாதிரி நெருப்பு, ஆசிட், கண்ணாடி விஷயத்துல கேள்வியெல்லாம் கிடையாது, நேரடியா உத்தரவுதான்.

நாலாவது வேலை: இன்னொரு ஜோடிக் கண்ணு

தனியா பண்ணிட்டே இருந்தா ஒரு வருஷத்துல சலிச்சிடும், இல்ல பழைய பழக்கத்துக்கே போயிடுவோம். ஜப்பான்ல ஜுகியோ கென்க்யூன்னு ஒண்ணு ரொம்ப காலமா இருக்கு, பாட ஆய்வுன்னு சொல்லலாம், அஞ்சாறு டீச்சருங்க சேந்து ஒரு பாடத்தத் திட்டம் போடுவாங்க, ஒருத்தர் எடுப்பாரு, மத்தவங்க பின்னாடி நின்னு பாப்பாங்க, சாயங்காலம் உக்காந்து பேசுவாங்க, திருத்துவாங்க. நம்ம ஊருல யாராவது பின்னாடி வந்து நின்னாலே இன்ஸ்பெக்ஷன்னு கை நடுங்கும், அதனால ரெண்டு நிபந்தனை போட்டுக்குங்க. பாக்க வர்றவர் டீச்சரப் பத்தி ஒரு வார்த்தை எழுதக்கூடாது, ஒரே ஒரு குரூப் பக்கத்துல உக்காந்து அந்த நாலு புள்ளைங்க என்ன பேசுறாங்களோ அத அப்படியே எழுதணும். ரெண்டாவது, பேசறப்போ முதல்ல எடுத்தவர் பேசணும். எங்க ஒன்றியத்துல மூணு பேரு இப்படி மாசம் ஒரு தடவ பண்றோம், ஹெச்.எம். சாருங்ககிட்ட முன்கூட்டியே சொல்லி ஒரு பீரியட் அட்ஜஸ்ட் பண்ணிக்குவோம். என் கிளாஸப் பாத்துட்டு ஒரு தடவ பக்கத்துப் பள்ளி சார் எழுதிக் குடுத்ததுல ஒரு பையன் மத்த மூணு பேருகிட்ட சொன்னது இருந்துச்சு, "டீச்சர் இந்தப் பக்கம் வருது, எண்ணுற மாதிரி நடி." பதினோரு வருஷத்துல எனக்குக் கிடைச்ச உருப்படியான ஃபீட்பேக் அதுதான்.

நம்ம நாட்டுலயே இதப் பெரிய அளவுல பண்ணிக் காமிச்சிருக்காங்க. மத்தியப் பிரதேசத்துல 1972ல ஹோஷங்காபாத் மாவட்டத்துல 16 நடுநிலைப் பள்ளியில ஆரம்பிச்ச அறிவியல் திட்டம், கிஷோர் பாரதி, ரசூலியா கிராம மையம்னு ரெண்டு அமைப்பு தொடங்கினது, 1982ல இருந்து ஏகலவ்யாங்கற கல்வி அமைப்பு நடத்துச்சு, 2002ல அரசு நிறுத்துற வரைக்கும் முப்பது வருஷம் ஓடுச்சு. அங்க டீச்சருக்குப் பயிற்சின்னா லெக்சர் இல்ல, கோடை லீவுல வாரக் கணக்கா தங்கி, புள்ளைங்க பண்ணப்போற அதே பரிசோதனைய டீச்சருங்களே உக்காந்து பண்ணுவாங்க, யுனிவர்சிட்டி ஆளுங்களும் டாடா ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிங்களும் பக்கத்துல உக்காந்து சேந்து முழிப்பாங்க, அப்புறம் மாசா மாசம் கூடி கிளாஸ்ல என்ன சிக்கல் வந்துச்சுன்னு பேசுவாங்க. பரிட்சையில கூட புக்கத் தொறந்து பாத்து எழுதலாம். தூக்கிப்போடுற சாமான்ல அறிவியல் பொம்மை பண்றாரே அர்விந்த் குப்தா, அவரும் 1978ல வேலைக்கு லீவு போட்டுட்டு அங்க போனவர்தான், தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் வச்சு உருவம் பண்ற யோசனை அங்கதான் பொறந்துச்சு. அவரோட வீடியோவும் புத்தகமும் நெட்ல இலவசமாவே இருக்கு, தமிழ்லயும் இருக்கு.

தமிழ்நாட்டுல 2022 நவம்பர்ல வந்த வானவில் மன்றம்ங்கற அரசுத் திட்டம் உங்க பள்ளிக்கூடத்துக்கும் வரும், 6ல இருந்து 8 வரைக்கும், கருத்தாளர் ஒருத்தர் சாமானோட வந்து பண்ணிக் காமிப்பார். அவர் பண்றத புள்ளைங்களோட சேந்து வேடிக்கை பாத்துட்டு மார்க் போடுற வேலைய கவனிக்கப் போயிடாதீங்க, முன்னாடியே போன் பண்ணி என்ன கொண்டு வர்றார்னு கேட்டு, விடைய சொல்லாம நிறுத்திட்டுப் போகச் சொல்லுங்க, அடுத்த பீரியட் நீங்க அதுல இருந்து தொடங்கலாம். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்து ஆளுங்களும் உங்க மாவட்டத்துல கண்டிப்பா இருப்பாங்க, அவங்க துளிர் பத்திரிகைய பள்ளிக்கு ஒண்ணு வாங்கிப் போடுங்க.

சிலபஸ், சத்தம், ரெக்கார்டு

சிலபஸ் முடியாதேன்னு பயம் வரும். பருவத்துக்கு ரெண்டு பாடம்னா கூடுதலா ஆகுறது நாலஞ்சு பீரியட், அது விளையாட்டு விழா பிராக்டிஸ்ல போறத விடக் கம்மி. மார்க்குக்குத் தனியா ஒண்ணும் பண்ண வேண்டாம், எஃப்.ஏ.ல, அதாவது வளரறி மதிப்பீட்டுல, செயல்பாட்டுக்கு எப்படியும் மார்க் போட்டுத்தான் ஆகணும், சார்ட்டு ஒட்டி வரச் சொல்றதுக்குப் பதிலா குரூப்போட நோட்டுப் பக்கத்தையே வச்சு போடுங்க. முன்கணிப்பு தப்பா எழுதினதுக்கு மார்க் குறைக்காதீங்க, குறைச்சா அடுத்த தடவ எல்லாரும் பண்ணி முடிச்சுட்டுதான் முன்கணிப்பு எழுதுவாங்க, ரப்பர் கறையே காட்டிக் குடுக்கும்.

சத்தம் வரும், பக்கத்து கிளாஸ் டீச்சர் வந்து எட்டிப் பாப்பாங்க. முந்தின நாளே சொல்லி வச்சிடுங்க, முடிஞ்சா வராண்டாவுலயோ மரத்தடியிலயோ பண்ணுங்க, ஆனா ஊசல மட்டும் காத்துல பண்ணாதீங்க.

கடைசியா ஒரு பெட்டி. ஹோஷங்காபாத்துல சவாலிராம்னு கற்பனையா ஒரு ஆள் இருந்தார், புள்ளைங்க அவருக்குக் கேள்வி எழுதி லெட்டர் போடுவாங்க, பதில் வரும். நான் ஒரு காலி ஸ்வீட் பாக்ஸ்ல ஓட்டை போட்டு கிளாஸ்ல வச்சிருக்கேன், பீரியட்ல நேரம் இல்லாத கேள்வி, எனக்கே விடை தெரியாத கேள்வி எல்லாம் அதுக்குள்ள போகும், மாசக் கடைசி வெள்ளிக்கிழமை தொறப்போம். தெரியாதத தெரியாதுன்னே சொல்லுங்க, புள்ளைங்க மதிப்புக் குறைஞ்சு ஒண்ணும் பாக்காது, நான் சோதிச்சுப் பாத்துட்டேன். போன மாசம் தொறந்ததுல அந்தக் கடைசி பெஞ்சுப் பொண்ணோட தம்பி, இப்ப ஏழாவது, எழுதிப் போட்டிருந்தான்: ஊசல தண்ணிக்குள்ள ஆட்டினா முப்பது செகண்டுக்கு எத்தன வரும்? ஆபீஸ் ரூம்ல இருந்து பெரிய பக்கெட்டு ஒண்ணு கேட்டு வாங்கி வச்சிருக்கேன், திங்கக்கிழமை மூணாவது பீரியட்.